நிறைமாதத்தில் உடல் தரும் முன்னறிவிப்புகள்

கிறிஸ்து பிறப்பு விழாவுக்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, டிசம்பர் 18ஆம் நாள், சென்னைப் பரங்கிமலையின் உச்சியிலுள்ள ஆலயத்தில் திருவிழா நடைபெறும். 1523இல் போர்த்துக்கீசியர் கட்டிய அந்த ஆலயம் எதிர்பார்ப்பின் அன்னைக்கு நேர்ந்தளிக்கப்பட்டது. எதிர்பார்ப்பு என்றால் எதை எதிர்பார்த்தது? பிள்ளைப் பேற்றைத்தான். மரியன்னை நிறைமாதக் கர்ப்பிணியாய், இன்றோ நாளையோ என்று காத்திருந்த நாள்களைத்தான் அத்திருநாள் நினைவுகூர்கிறது. நம்மில் பலர் அம்மலைக்குச் சென்று மெழுகுதிரி ஏற்றி வந்திருப்போம். ஆனால் அந்தப் பெயரின் பொருளை நின்று எண்ணிப் பார்த்தவர் சிலரே.

திருச்சபையின் நாட்காட்டியே ஒரு பேறுகாலக் கணக்குதான். மார்ச் 25ஆம் நாள் மங்கள வார்த்தைத் திருநாள். டிசம்பர் 25 கிறிஸ்து பிறப்பு. இடையே 275 நாள்கள். மங்கள வார்த்தையின்போது எலிசபெத்தம்மாளுக்கு ஆறாம் மாதம். ஆகவே அதிலிருந்து மூன்று மாதம் கழித்து, ஜூன் 24இல், அருளப்பர் பிறப்பு விழா. மாதா தம் உறவினரான அந்த முதிய அம்மையாரின் வீட்டுக்கு விரைந்து சென்று, ஏறத்தாழ மூன்று மாதம் தங்கியிருந்தார் என்று லூக்கா நற்செய்தியில் படிக்கிறோம். முதல் பிள்ளைக்குக் காத்திருக்கும் ஒரு பெண்ணின் அருகே மற்றொரு பெண் இருக்க வேண்டும் என்பது இன்று நேற்று வந்த வழக்கமன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

அன்புத் தங்கையரே, இதையெல்லாம் பள்ளி மலரில் எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கக் கூடும். "அந்தச் சமாசாரம் சின்னப் பெண்களுக்கு எதற்கு?" என்று நம் வீட்டுப் பெரியவர்களும் கேட்பார்கள். ஆனால் நம் ஊர்ப்பக்கத்து வீடுகளின் பகற்பொழுதை எண்ணிப் பாருங்கள். ஆண்கள் கழனிக்கோ, காஞ்சிபுரத்துக்கோ, தொழிற்சாலைக்கோ போய்விடுகிறார்கள். வளைகாப்பு முடிந்து தாய்வீடு வந்திருக்கும் அக்காளோடு வீட்டில் இருப்பவர்கள் கண் மங்கிய பாட்டியும், பள்ளி விடுமுறையிலுள்ள தங்கையும்தான். அந்தத் தங்கை நீங்களாக இருக்கலாம். அந்நேரத்தில் கடிகாரம் பார்க்கத் தெரிந்தவரும், தொலைபேசியில் பேசத் தெரிந்தவரும் நீங்களே.

இத்தகைய நாணம் எத்தனை உயிர்களைக் கொண்டுபோயிற்று என்பதை வேலூரின் கதை சொல்லும். தாமல் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலையிலேயே மேற்கே போனால் வருகிற வேலூர்தான். 1890களில் திண்டிவனத்தில் தம் பெற்றோருடன் தங்கியிருந்தார் ஐடா ஸ்கடர் என்னும் அமெரிக்க இளம்பெண். ஒரே இரவில் மூன்று ஆடவர் ஒருவர்பின் ஒருவராக வந்து, பிரசவ வேதனையில் துடிக்கும் தம் மனைவியரைக் காப்பாற்றுமாறு அவரை வேண்டினர். அவரோ மருத்துவம் படிக்காதவர். மருத்துவரான அவருடைய தந்தையை அழைத்துச் செல்லலாமென்றால், ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்று மூவருமே மறுத்துத் திரும்பினர். பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். ஐடா தாய்நாடு சென்று மருத்துவம் பயின்று 1900இல் வேலூருக்குத் திரும்பினார். 1918இல் பெண்களுக்கென்றே அங்கே மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார்.

நம் கன்னியர் சபைகளிலும் இந்தத் தடை வேறு வடிவில் இருந்தது. துறவற வார்த்தைப்பாடு கொடுத்த சகோதரிகள் மருத்துவத் தொழில் செய்யவும் பிரசவம் பார்க்கவும் நெடுங்காலம் திருச்சபைச் சட்டம் இடந்தரவில்லை. ஆஸ்திரேலிய மருத்துவரான மேரி குளோரி 1920இல் குண்டூருக்கு வந்து கன்னியர் மடத்தில் சேர்ந்தபோது, மருத்துவம் பார்க்கத் திருத்தந்தையிடமிருந்து தனி அனுமதி பெற வேண்டியிருந்தது. 1936இல்தான் உரோமையிலிருந்து பொதுவான அனுமதி வந்தது. இன்று கன்னியர் நடத்தும் மருத்துவமனைகளில் பிரசவ அறை இருப்பதை நாம் இயல்பாக எண்ணுகிறோம். அந்தக் கதவு திறந்து நூறாண்டுகூட ஆகவில்லை. கன்னியர்களே நாணத்தை விட்டுக் கற்றுக்கொண்ட பாடத்தை நாம் கற்பதில் என்ன குறை?

இனிப் பொருளுக்கு வருவோம்.

பிரசவ நாளைக் கணக்கிட எளிய வழி ஒன்று உண்டு. கடைசி மாதவிலக்கு தொடங்கிய தேதியுடன் 9 மாதமும் 7 நாளும் கூட்ட வேண்டும். ஜனவரி 10 என்றால் அக்டோபர் 17. மொத்தம் 280 நாள், அதாவது 40 வாரம். நம் முன்னோர் "பத்து மாதம்" என்றது தவறில்லை. 28 நாள் கொண்ட மாதங்களாகப் பத்தை எண்ணினால் அதே 280 வந்துவிடும். ஆனால் குறித்த தேதியிலேயே பிறக்கும் குழந்தை நூறில் நான்கைந்துதான். 37 வாரம் முடிந்தபின் எந்த நாளிலும் பிறக்கலாம். ஆகவே சுவரிலுள்ள நாட்காட்டியை நம்பியிருப்பதைவிட உடலைக் கவனிப்பதே நலம். நம் ஏரி கலங்கல் போவது ஒரே இரவில் நிகழ்வதில்லை. நீர் மட்டம் ஏறுவதைக் கரையிலுள்ளோர் முன்பே பார்த்துக்கொண்டிருப்பார்கள். உடலும் அவ்வாறே படிப்படியாகத்தான் தயாராகிறது.

முதலில் தெரிவது வயிறு இறங்குதல். அதுவரை விலா எலும்பின் கீழ்வரை உயர்ந்திருந்த வயிறு, குழந்தையின் தலை இடுப்பெலும்புக் கூட்டுக்குள் இறங்குவதால் சற்றுத் தாழ்ந்து தோன்றும். "முகம் தெளிந்துவிட்டது, வயிறு இறங்கிவிட்டது" என்று தெருப் பெண்கள் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள். மூச்சு விடுவது எளிதாகும், நெஞ்செரிச்சல் குறையும், இரண்டு பிடி சோறு கூடுதலாக இறங்கும். மாறாகச் சிறுநீர் அடிக்கடி வரும். அடிவயிற்றில் கனமும் தொடையிடுக்கில் சுளுக்கினாற்போன்ற வலியும் இருக்கும். நடை வாத்து நடையாகும். முதற்பிள்ளை என்றால் இது பிரசவத்துக்கு இரண்டு முதல் நான்கு வாரம் முன்பே நிகழலாம். இரண்டாவது, மூன்றாவது பிள்ளைக்கு வலி தொடங்கிய பிறகுதான் இறங்குவதும் உண்டு. ஆகவே "வயிறு இன்னும் இறங்கவில்லையே, நாளாகும்" என்று இரண்டாம் பிள்ளைக்காரியிடம் சொல்லி அலட்சியமாக இருப்பது சரியன்று.

அடுத்து வருவது பொய்வலி. நம் ஊர்ப்பக்கம் இதற்குச் "சூட்டு வலி" என்று பெயர். கருப்பை தசையால் ஆன ஒரு பை. தசைக்கு அவ்வப்போது இறுகித் தளரும் இயல்பு உண்டு. கடைசி மாதங்களில் வயிறு கல்லைப்போல இறுகிச் சிறிது நேரத்தில் இளகும். இதை 1872இல் பிராக்ஸ்டன் ஹிக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் விரிவாக எழுதியதால், மருத்துவ நூல்களில் அவர் பெயராலேயே வழங்குகிறது. அவர் எழுதுவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே நம் பாட்டிமார்கள் அதை அறிந்திருந்தார்கள். அதற்கு ஒரு சோதனையும் வைத்திருந்தார்கள். சீரகத்தைக் கொதிக்க வைத்து அந்த நீரை வெதுவெதுப்பாகக் குடிக்கக் கொடுப்பது. "சூட்டு வலியானால் அடங்கிவிடும், பிள்ளை வலியானால் வலுக்கும்" என்பார்கள்.

இந்தச் சோதனையில் ஓர் உண்மை உண்டு. அது சீரகத்தின் மகிமை என்று நான் நினைக்கவில்லை. உடலில் நீர் குறைந்தாலும் களைப்பு மிகுந்தாலும் பொய்வலி தோன்றும். ஆகவே நீர் குடித்து, இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்து ஓய்வெடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். மெய்வலியோ எதைக் குடித்தாலும் அடங்காது. பாட்டியின் சோதனையால் தீங்கில்லை. தீங்கு எங்கே வருகிறதென்றால், ஒரு தம்ளர் அடங்கவில்லை என்று இன்னொரு தம்ளர், அதுவும் அடங்கவில்லை என்று பெருங்காயம், பிறகு எண்ணெய்த் தேய்ப்பு என்று பொழுதைக் கடத்துவதில்தான்.

எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. 108 வண்டி வராத காலம். எங்கள் சித்தி இரண்டாம் பிள்ளைக்கு நிறைமாதமாயிருந்தார். குழித்தறியில் உட்கார்ந்து நெய்தவர்களுக்குத் தெரியும். காலைப் பள்ளத்தில் தொங்கவிட்டு, மிதியை மாறி மாறி மிதித்து, நாள் முழுதும் குனிந்திருந்தால் இடுப்பு வலிக்காத நாள் கிடையாது. சித்தி எட்டாம் மாதமே நெய்வதை நிறுத்திவிட்டாலும், பாவு தீருமுன் சேலையை முடித்துத் தர வேண்டுமே என்று தறிப்பக்கத்தில் அமர்ந்து தார் சுற்றிக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். அன்று காலை முதலே இடுப்பு வலிக்கிறது என்றார். "தறிக்காரிக்கு இடுப்பு வலிக்காமல் வேறு என்ன வலிக்கும்?" என்று பாட்டி சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்தார். எல்லோரும் சிரித்தோம். சித்தியும் சிரித்தார்.

நான் மதியம் சாப்பிட உட்கார்ந்து எழுவதற்குள் சித்தி மூன்று முறை வேலையை நிறுத்தினார். தறிமரத்தைப் பிடித்துக்கொண்டு, பேச்சை நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு, பிறகு ஒன்றுமே நடவாததுபோல மறுபடி தார் சுற்றினார். நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் அது இன்னதென்று எனக்குத் தெரியவில்லை. மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் பனிக்குடம் உடைந்தது. வாடகை வண்டி பிடித்துப் புறப்பட்டு, பாலுசெட்டி சத்திரம் தாண்டுவதற்குள் வண்டியிலேயே குழந்தை பிறந்துவிட்டது. காஞ்சிபுரம் போய்ச் சேர்ந்தபோது சித்திக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. இரண்டு புட்டி இரத்தம் ஏற்றினார்கள். பிழைத்தது இறைவன் செயல். "எப்போது வலி தொடங்கியது?" என்று அங்கே டாக்டரம்மா கேட்டபோது யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. எனக்கு மட்டும் அந்த மூன்று முறை நினைவுக்கு வந்தது. பின்னாளில் செவிலியர் பயிற்சி வகுப்பில் முதன்முறை வலி எண்ணுவதைச் சொல்லிக் கொடுத்தபோது, எனக்குப் பாடம் காதில் ஏறவில்லை. அந்தத் தறிமரம்தான் கண்முன் நின்றது.

ஆகவே மெய்வலியை எப்படி அறிவது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

களைப்பால் வரும் இடுப்பு வலி ஒரே சீராக இருக்கும், படுத்தால் குறையும். பொய்வலி வந்து போகும், ஆனால் ஒழுங்கு இராது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வந்தது திடீரென்று அரைமணி வராமலிருக்கும். எழுந்து நடந்தாலோ, படுத்தாலோ மாறும். பெரும்பாலும் அடிவயிற்றின் முன்பக்கத்தில் மட்டும் தெரியும். மெய்வலியோ பலருக்குப் பின்னிடுப்பில் தொடங்கி, ஒட்டியாணம் பூட்டினாற்போல் இருபுறமும் சுற்றி முன்வயிற்றுக்கு வரும். அலைபோல் எழும், உச்சிக்குப் போகும், இறங்கும். இடையே வலியே இல்லாத இடைவேளை உண்டு. அந்த இடைவேளையில்தான் பெண்கள் ஏமாந்து போகிறார்கள். "போய்விட்டது" என்று எண்ணி அடுப்படிக்குப் போய்விடுகிறார்கள். நேரம் ஆக ஆக அலைகள் நெருங்கி வரும், நீண்டு நிற்கும், வலுவாகும். நடந்தால் குறையாது. வலியின் உச்சியில் பேச முடியாது.

கையை வயிற்றின் மேல்பாகத்தில் பரப்பி வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். செவிலியர் பயிற்சியில் எங்களுக்குச் சொன்ன உவமை இது: இறுகிய வயிறு மூக்கு நுனியைப்போல அமுங்கினால் இலேசான வலி, மோவாயைப்போல இருந்தால் நடுத்தரம், நெற்றியைப்போலக் கெட்டியாக, விரலால் அமுக்க முடியாமல் இருந்தால் வலுவான வலி. இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். உங்கள் முகத்தையே தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணும் முறையில் பலர் பிழை செய்வர். ஒரு வலி முடிந்ததிலிருந்து அடுத்த வலி தொடங்கும்வரை எண்ணக் கூடாது. ஒரு வலி தொடங்கிய நேரத்திலிருந்து அடுத்த வலி தொடங்கும் நேரம்வரை எண்ண வேண்டும். பழைய நோட்டு ஒன்றில் இரண்டு பத்தி கோடு போட்டு, வலி தொடங்கிய மணியையும், எத்தனை விநாடி நின்றது என்பதையும் எழுதிக்கொண்டே வந்தால் ஒரு மணி நேரத்தில் உண்மை வெளிப்பட்டுவிடும். முதற்பிள்ளை என்றால், ஐந்து நிமிடத்துக்கொரு முறை, ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு நிமிடம், இப்படி ஒரு மணி நேரம் நீடித்தால் மருத்துவமனையில் இருக்க வேண்டிய வேளை வந்துவிட்டது என்பது பொதுவிதி. இவ்விதி மருத்துவமனைக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருப்பவர்களுக்கு. தாமலிலிருந்து காஞ்சிபுரம் போய்ச்சேர நேரமாகும். நெடுஞ்சாலையில் லாரிகள் வரிசையாய் நின்றுவிட்டால் இன்னும் ஆகும். வலி பத்து நிமிட ஒழுங்குக்கு வரும்போதே புறப்படுவது உத்தமம். இரண்டாம், மூன்றாம் பிள்ளைக்கு ஒழுங்கான வலி என்று தெரிந்த உடனேயே கிளம்ப வேண்டும். முதற்பிரசவம் பன்னிரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ பிடிக்கும். அடுத்தவை அதில் பாதிப் பொழுதில் முடிந்துவிடுவதுண்டு. சித்தியின் கதை அதுதான்.

இந்த வலி உள்ளே என்ன செய்கிறது? கருப்பையின் வாய் கடைசி மாதம்வரை ஒரு தடித்த குழாய்போல மூடியிருக்கும். வலியின் ஒவ்வோர் அலையிலும் மேற்பகுதித் தசை சுருங்கிக் குழந்தையைக் கீழே தள்ள, வாய்ப்பகுதி மேல்நோக்கி இழுபட்டு மெலிந்து, விரிந்து கொடுக்கும். பத்து செண்டிமீட்டர் விரிந்தால்தான் தலை வெளியே வர வழி. இதற்கு ஏவல் கொடுப்பது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி வெளிவிடும் ஆக்சிடோசின். 1906இல் ஹென்றி டேல் என்பவர் அச்சுரப்பியின் சாற்றுக்குக் கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆற்றல் உண்டெனக் கண்டார். 1953இல் வின்சென்ட் டு விக்னோ அதனைச் செயற்கையாகச் செய்து காட்டி, 1955இல் நோபல் பரிசு பெற்றார். கிரேக்க மொழியில் அதன் பெயருக்கு "விரைந்த பேறு" என்று பொருள். இன்று மருத்துவமனைகளில் சொட்டுச் சொட்டாக அளந்து ஏற்றும் மருந்து இதுவே. இதையே வீட்டுக்கு வந்து "வலி ஊசி" என்று போட்டுவிட்டுப் போகிறவர்களைக் கிட்டே சேர்க்காதீர்கள். அளவு மீறினால் கருப்பையே கிழிந்துபோகும். வலி வரவழைக்க ஆமணக்கெண்ணெய் கொடுக்கும் வழக்கமும் வேண்டாம்.

மெய்வலிக்கு முன்போ, அதனோடு சேர்ந்தோ இன்னும் இரண்டு அடையாளங்கள் உண்டு. ஒன்று, இரத்தம் தோய்ந்த சளி. கருப்பை வாயைக் கர்ப்பகாலம் முழுதும் தக்கைபோல அடைத்துக்கொண்டு, கிருமிகள் உள்ளே போகாமல் காத்த கெட்டியான சளி, வாய் இளகத் தொடங்கியதும் கழன்று வரும். இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ இரத்தக் கோடு கலந்திருக்கும். இதைக் கண்டதும் கத்திக் கூப்பாடு போட வேண்டியதில்லை. வலி சில மணி நேரத்திலும் வரலாம், சில நாள் கழித்தும் வரலாம். சளி கலவாமல் சிவப்பு இரத்தமாகவே போனால் மட்டும் அது வேறு சங்கதி. ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது.

மற்றொன்று பனிக்குடம் உடைதல். எவ்வளவு அழகான பெயர் பாருங்கள்! குழந்தை மிதக்கும் அந்த நீர்ப்பை சிலருக்குப் படீரென்று உடைந்து புடவை நனைய ஓடும். சிலருக்கு மெல்லக் கசியும். சிறுநீரா, பனிக்குட நீரா என்று ஐயம் வருவதுண்டு. சிறுநீரை அடக்க முடியும். இதை அடக்க முடியாது. சுத்தமான வெள்ளைத் துணியை வைத்துப் பார்த்தால் நிறம் தெரியும். தெளிந்த நீராக இருப்பது நல்லது. பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது என்று பொருள். அது தவிப்பில் இருக்கலாம். எந்த நிறமாயினும், வலி வந்தாலும் வராவிட்டாலும், குடம் உடைந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். காவல் உடைந்த பிறகு நேரம் ஆக ஆகக் கிருமி ஏறும். தலை இன்னும் இறங்காத நிலையில் குடம் உடைந்தால் நீரோடு தொப்புள்கொடி வழுக்கி வந்து நசுங்கும் ஆபத்தும் உண்டு. கொடி வெளியே தெரிந்தாலோ, ஏதோ வந்து தட்டுப்படுகிறது என்று அவர் சொன்னாலோ, நிற்கவோ நடக்கவோ விடாமல் முழங்காலும் மார்பும் தரையில் பட, இடுப்பு உயர்ந்திருக்கும்படி குனிந்து படுக்கச் செய்து, அந்த நிலையிலேயே வண்டியை அழைக்க வேண்டும்.

வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை, திடீரென்று வீட்டையெல்லாம் பெருக்கி மெழுகத் தோன்றும் சுறுசுறுப்பு இவையும் சிலருக்குக் கடைசி நாள்களில் வரும். இவற்றை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

ஆனால் ஒரு தவறான நம்பிக்கையை இங்கே மறுத்தாக வேண்டும். "பிரசவம் நெருங்கினால் குழந்தை அசையாமல் அடங்கிவிடும்" என்பார்கள். அப்படி இல்லை. இடம் நெருக்கமாவதால் உதைப்பது மாறி உருளுவதுபோல் தோன்றலாமேயன்றி, அசைவு குறையவே கூடாது. சாப்பிட்டுவிட்டு இடப்பக்கமாகப் படுத்து எண்ணினால் இரண்டு மணி நேரத்துக்குள் பத்து அசைவாவது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இரவானாலும் போய்க் காட்ட வேண்டும். அதேபோல் விடாத தலைவலி, கண் மங்குதல் அல்லது பொறி பறத்தல், முகமும் கையும் வீங்குதல், மேல்வயிற்றில் வலி, இவை பிரசவ அறிகுறிகள் அல்ல. இரத்த அழுத்தம் ஏறி வலிப்புக்கு முன்னோடியாக வருபவை. காய்ச்சலும், இடைவேளையே விடாமல் வயிறு கல்லாக இறுகியிருப்பதும் இந்த வகைதான். 37 வாரம் நிறையுமுன் ஒழுங்கான வலியோ நீர்க்கசிவோ கண்டால், "சூட்டு வலி" என்ற பேச்சுக்கே இடமில்லை. குறைமாதத்தில் முதல் ஒரு மணி நேரத்துக்கும் விலை உண்டு. குழந்தையின் நுரையீரலைப் பலப்படுத்தும் ஊசியை அப்போதுதான் போட முடியும்.

நம் மாநிலத்தில் இப்போது வசதிகள் எவ்வளவோ பெருகியுள்ளன. 2001-03இல் ஒரு இலட்சம் பேறுகளுக்கு 134 தாய்மார் இறந்தார்கள் என்பது 2018-20இல் 54ஆகக் குறைந்திருக்கிறது. 2008 முதல் 108 வண்டி ஓடுகிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவு பகலாகச் செவிலியர் இருக்கிறார்கள். 1987இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியும் கிடைக்கிறது. ஆனால் 108ஐ எப்போது அழைப்பது என்பதை அந்த வண்டி தானாக அறியாது. வீட்டிலுள்ள ஒருவர்தான் அறிந்து அழைக்க வேண்டும். எட்டாம் மாதத்திலேயே கர்ப்பப் பதிவு அட்டை, இரத்தப் பரிசோதனைத் தாள், ஆதார், இரண்டு பழைய மெல்லிய பருத்திப் புடவை, குழந்தைக்கு வெளுத்து வெயிலில் உலர்த்திய துணி, இவற்றை ஒரு பையில் கட்டிக் கதவருகே மாட்டிவிடுங்கள். இரத்தம் கொடுக்கக்கூடிய இரண்டு உறவினரின் தொலைபேசி எண்ணையும் அந்த அட்டையின் பின்புறத்திலேயே எழுதி வையுங்கள்.

சென்ற ஆண்டு சித்தியின் மூத்த மகள் தலைப்பிரசவத்துக்கு எங்கள் ஊருக்கு வந்திருந்தாள். ஒரு நாள் விடியற்காலையில் இடுப்பு வலிக்கிறது என்றாள். பாட்டி இப்போது இல்லை. சீரகத் தண்ணீர் வைத்தவர் சித்தி. கொடுத்துவிட்டுத் தறிக்குப் போய் உட்கார்ந்தவர், பத்தாம் வகுப்புப் படிக்கும் தம் கடைசி மகளை அழைத்துச் சுவர்க் கடிகாரத்தின் கீழே நோட்டும் பென்சிலுமாக உட்கார வைத்தார். நாடா இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் போய்வரும் சத்தத்துக்கு நடுவே, நிமிர்ந்து பார்க்காமலே அரைமணிக்கொரு தரம் கேட்டுக்கொண்டிருந்தார்: "எத்தனை நிமிஷம்டி?" பதினெட்டு என்றாள், பதினாறு என்றாள். "பத்தும்மா" என்று பதில் வந்ததும் சித்தி காலைக் குழியிலிருந்து எடுத்துவிட்டார்.